கப்பர்நாகுமில் இராயப்பர் வீட்டின் மேல்

என் அப்பா உபதேசியார், பங்குக் குருவுக்குத் துணையாக மறைக்கல்வி கற்பிப்பவர். வாரத்தில் பாதி நாள் சைக்கிளில் கிளைப்பங்குகளுக்குச் சென்றுவிடுவார். வீட்டையும் எங்கள் ஐவரையும் அம்மாதான் தாங்கினார். "இராயப்பருக்கும் மாமியார் இருந்தாங்க, அந்த வீட்டை ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்த அம்மா போன ஆண்டு இறைவனடி சேர்ந்தார். இயேசுவின் சீடரான பேதுருவைத்தான் நாங்கள் இராயப்பர் என்போம். அவருடைய செபமாலையை எடுத்துக்கொண்டு, அவருக்காக நேர்ந்துகொண்ட திருப்பயணத்தை இந்த ஆண்டு நிறைவேற்றினேன்.

கலிலேயக் கடல் எனப்படும் ஏரியின் கரையிலுள்ள கப்பர்நாகும், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் கீழே இருப்பதால் காலையிலேயே புழுக்கம் தாங்கவில்லை. பேருந்தை விட்டு இறங்கியதும் செபமாலை விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்க, ஒரு குழு இறங்குமுன் அடுத்த குழு நெருக்க, வழிகாட்டியோ எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்தான் என்று விரட்ட, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனம் கசந்தது.

1990இல் அர்ச்சிக்கப்பட்ட எண்கோண ஆலயம், பேதுருவின் வீடு என்று தொன்றுதொட்டு வணங்கப்படும் இடிபாட்டின் மேலேயே தூண்களில் நிற்கிறது. திருப்பலி முடிந்ததும் நடுவிலுள்ள கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். எரிமலைக் கருங்கற்களால் ஆன சுவர்கள். அவற்றைச் சுற்றி, அந்த வீட்டை ஆலயமாக்கி 5ஆம் நூற்றாண்டில் கட்டியதன் எண்கோண அடித்தளம். அந்த வீடு, நம் ஊரில் ஒரு சிறிய குடும்பம் நெருக்கியடித்து வாழும் அறையளவுதான் இருந்தது. ஆண்டவர் கைதொட்டு எழுப்பியதும் காய்ச்சல் நீங்கி எழுந்து பணிவிடை செய்த பேதுருவின் மாமியார் இங்கேதான் படுத்திருந்தார் என்று நினைத்தபோது கண்ணாடி மங்கியது, என் கண்ணீர்தான்.

பேதுருவின் மனைவியின் பெயரை விவிலியம் சொல்லவில்லை. கேபாவும் (பேதுருவின் இன்னொரு பெயர்) மற்றத் திருத்தூதர்களும் மனைவியை உடன் அழைத்துச் செல்வதை பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் குறிப்பிடுகிறார். ஆக, இயேசுவின் பின்னே செல்ல மீன்வலையை விட்டவர் மனைவியை விட்டுவிடவில்லை, அவரும் அந்த நற்செய்திப் பாதையில் நடந்தவரே. அந்த மனைவி கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது பேதுரு அவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஆண்டவரை நினைத்துக்கொள் என்று தேற்றியதாக தொடக்கத் திருச்சபையின் எழுத்தாளரான அலெக்சாந்திரியா கிளமெந்து எழுதியிருக்கிறார். அழைத்த அந்தப் பெயரை மட்டும் அவரும் எழுதவில்லை.

வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். செபமாலையைத் தடுப்புக் கம்பியில் வைத்து, அம்மாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். ஆண்டவரே, உமக்கு நன்றி. இராயப்பரே, உம் வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி.