எழுபதாயிரம் கட்டிய பிறகும் ஒன்று பதினாறு பாக்கி

கிரெடிட் கார்டு பாக்கியைக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்வதாக பேங்க் கொடுத்த செட்டில்மென்ட் கடிதத்தை ஆறு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். பீரோவில் ஒன்று, கம்பெனியில் பாபின் டப்பாவுக்கு அடியில் ஒன்று, மச்சான் வீட்டில் ஒன்று. மீதி மூன்றும் ஒரு ஃபைலில். நம்ம கல்யாணப் பத்திரிகைகூட ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும்.

திருப்பூரில் எட்டு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் என்னுடையது. 2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தபோது மூச்சு வந்தது போல இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதமும் வட்டி நிற்கவில்லை. கிரெடிட் கார்டு வட்டி எப்படி ஏறும் என்று மாட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூலும் எலாஸ்டிக்கும் அந்தக் கார்டில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். 2022 கடைசியில் பாக்கி 1,86,000 ரூபாய்.

வசூலுக்கு வந்த பையன் ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டே, "எழுபதுக்கு முடிச்சுத் தர்றேனுங்கண்ணா, இப்பவே என் நம்பருக்கு ஜிபே போட்டுருங்க" என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்யும் நண்பன்தான் தடுத்தான். பேங்க் லெட்டர்ஹெட்டில் கடிதம் வரட்டும், அதில் கார்டின் கடைசி நான்கு எண்ணும், தொகையும், கட்ட வேண்டிய தேதியும், இதைக் கட்டினால் கணக்கு முடிந்தது என்ற வாக்கியமும் இருக்கட்டும், அதுவரை ஒரு ரூபாய் போடாதே என்றான். பத்து நாள் இழுத்தடித்துக் கடிதம் வந்தது. நவம்பரில் 35,000, டிசம்பரில் 35,000. இரண்டும் நேராகக் கார்டு கணக்குக்கே போனது.

ஒரு தப்பு செய்தேன். பணம் கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கவில்லை. விட்டது சனி என்று இருந்துவிட்டேன்.

2024 ஏப்ரலில் ஒரு நாள் இரவு எட்டு இருபதுக்கு போன். ஓவர்லாக் சத்தத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை, வெளியே வந்து கேட்டேன். "சார், உங்க பேர்ல 1,16,000 பெண்டிங் இருக்கு. நாளைக்குள்ள கட்டலைன்னா ஆள் வரும்." 1,86,000-இல் 70,000 கழித்துப் பாருங்கள், அதே தொகை. பேங்க் தள்ளுபடி செய்த பணத்தைத்தான் புது வசூல் ஏஜென்சிக்காரன் கேட்கிறான். செட்டில் ஆகிவிட்டது என்றேன். அதெல்லாம் எங்க சிஸ்டத்தில் இல்லை என்றான். மறுநாள் மச்சானுக்கே போன் போட்டுவிட்டான். கடன் வாங்கியபோது தெரிந்தவர் என்று ஒரு எண் கொடுத்திருந்தேன், அதைப் பிடித்துவிட்டார்கள்.

அந்த வாரமே சிபில் ரிப்போர்ட் எடுத்தேன், நம் கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற வரலாறும் அதற்கான மதிப்பெண்ணும் அதில் இருக்கும். வருடத்துக்கு ஒன்று முழு அறிக்கையாக இலவசம். ஸ்கோர் 588. கார்டு கணக்கில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராத கடன் என்று போட்டு, பாக்கி 1,16,000 என்று அச்சடித்தாற்போல நின்றது. நான் கட்டியது இரண்டு தவணையாகப் பதிவாகியிருந்தது, ஆனால் செட்டில்மென்ட் என்ற சொல்லே எங்கும் இல்லை.

பதிவு தப்பு என்று சிபிலுக்கு ஆன்லைனில் 'டிஸ்ப்யூட்' போட்டேன். அங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அவர்களாக எதையும் மாற்ற மாட்டார்கள், பேங்கைக் கேட்பார்கள், பேங்க் சொல்வதுதான் பதில். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, விவரம் சரியாகவே உள்ளதாம். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாம் எல்லாவற்றையும் சிபில் என்கிறோம், ஆனால் எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இதே வேலையைச் செய்யும் இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த மூன்றையும் எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே ஒன்று பதினாறு.

ஜூன் 12 அன்று பேங்கில் புகார்களைக் கவனிக்கும் நோடல் ஆபீசருக்கு மெயில் அனுப்பினேன், அதையே ஸ்பீடு போஸ்ட்டிலும் போட்டேன். கடிதம், இரண்டு கட்டணத்துக்கும் ஆதாரம், நான்கு ரிப்போர்ட்டிலும் தப்பான வரியை மஞ்சள் மார்க்கரில் அடித்த பக்கங்கள். கூடவே அழைப்புகளின் பட்டியல். பீஸ் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, மணி, எண் என்று குறித்து வந்தேன். பாக்கிக்காகக் காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என் நோட்டில் ஏழுக்குப் பிறகு வந்தவை மட்டும் பதினொன்று. ஏஜென்ட் செய்வதற்கு பேங்க்தான் பொறுப்பு, அதனால் ஏஜென்சியோடு மல்லுக்கட்டுவதை அன்றோடு விட்டேன். அடுத்த முறை போன் வந்தபோது, "உங்களை அனுப்பினதுக்கு பேங்க் கொடுத்த ஆத்தரைசேஷன் லெட்டரை வாட்ஸ்அப்ல போடுங்க, பேசலாம்" என்று மட்டும் சொன்னேன். அனுப்பவில்லை. இதை முன்பே செய்திருக்கலாம், கோபத்தில் கத்திக் கத்தி ஒரு மாதம் வீணானது.

முப்பது நாள் ஓடியும் பேங்கிலிருந்து சத்தம் இல்லை. ஜூலை நடுவில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் போட்டேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பேங்குக்கு முப்பது நாள் கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஸ்பீடு போஸ்ட் ரசீது அங்கேதான் கைகொடுத்தது.

அதற்கப்புறம் நடந்த வேகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. ஜூன் முழுக்கப் பேசாதவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை "சார், சார்" என்று அழைத்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று நான்கு இடத்திலும் பாக்கி பூஜ்யம் ஆனது. பணம் வரவு வைத்திருக்கிறார்கள், செட்டில்மென்ட் குறியீட்டை அந்த நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்ப மறந்துவிட்டார்கள், காரணம் அவ்வளவுதான். விட்டுப்போன சான்றிதழும் வந்து சேர்ந்தது.

நஷ்ட ஈடு விஷயம் பலருக்குத் தெரியாது. கிரெடிட் ரிப்போர்ட் பற்றிய புகாரை முப்பது நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. என் கணக்கில் 23 நாள் தாமதம். கிளையில் கேட்டபோது அந்தப் பெண் அதிகாரி, "இப்படி ஒண்ணு இருக்குதுங்களா?" என்றார். சுற்றறிக்கையைக் காட்டினேன். 2,300 ரூபாய் வந்தது. அதில் தைப்பவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கினேன்.

ஆனால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு', அதாவது குறைத்துக் கட்டி முடித்தது என்ற சொல் போகவில்லை, போகவும் செய்யாது. முழுசாகக் கட்டியவர்களுக்குப் போடும் 'குளோஸ்டு' வேண்டுமானால் தள்ளுபடி செய்த தொகையைக் கட்டுங்கள் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். முழுசாகக் கட்டவில்லை என்பது உண்மைதானே, அதை மறைக்கச் சொல்லி யாரிடம் புகார் போடுவது? எட்டாயிரம் கொடுத்தால் சிபிலைச் 'சுத்தம்' செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். தப்பான பதிவை நாமே காசில்லாமல் திருத்தலாம். சரியான பதிவை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர் என்றால் மீதியையும் கட்டிவிடுவது லாபமாக இருக்கலாம். எனக்கு அந்த அவசரம் இல்லை. 25,000 ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு கார்டு வாங்கி, பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து மாதா மாதம் முழுசாகக் கட்டுகிறேன். ஸ்கோர் இப்போது 671.

போன மாதம் மறுபடியும் ஒரு புது எண்ணிலிருந்து போன், அதே பழைய கார்டு. நான் கட்டிங் டேபிளில் இருந்தேன், வீட்டம்மாதான் எடுத்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "லெட்டர் ஆறு காப்பி இருக்குதுங்க. உங்களுக்கு எத்தனை வேணும்?"