வாளையாறு எல்லையில் முயலுக்குக் கேமரா: புராஜெக்ட் செய்வோர் கவனத்துக்கு

தமிழக-கேரள எல்லையில் வாளையாறு, ஆனைகட்டிப் பக்கம், விலங்கு கடந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராவை வைத்துக் காட்டு முயலைப் புராஜெக்டுக்கு எடுப்பவர்கள் வளை தேடி அலைய வேண்டாம். நம் பக்கத்துக் கரும்பிடரி முயல் வளை தோண்டாது. பகலில் புல் மறைவில் படுத்திருந்து, இருட்டிய பிறகு மேய வரும். தேட வேண்டியது புழுக்கையை. உருண்டையாக, லேசாகத் தட்டையாக, உடைத்தால் நார்நாராக இருக்கும். புதுப் புழுக்கை கிடக்கும் புல்வெளி ஓரமும் ஒற்றையடித் தடமும்தான் கேமராவுக்கு இடம். காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் கேரள வனத்துறையிடம் தனியாக வாங்க வேண்டும்.

படம் விழாமல் போவதற்குப் பெரும்பாலும் உயரமே காரணம். பெரிய விலங்குக்குக் கட்டும் உயரத்தில் கட்டினால் முயல் கீழாகவே போய்விடும். தரையிலிருந்து 30 முதல் 40 செ.மீ., தடத்திலிருந்து 2 முதல் 3 மீட்டர் போதும். இன்னும் நெருங்கினால் இரவில் ஃப்ளாஷ் பட்டு முயல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். சென்சார் உணர்வது, சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பம் நகர்வதை. முயல் குறுக்கே கடந்தால் சட்டென்று பிடிக்கும், நேரே வந்தால் பிந்தும். லென்ஸ் வடக்கு பார்த்திருந்தால் காலை, மாலை வெயில் தொந்தரவு இல்லை.

ஜூன் தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாட்டும். வெயிலில் சூடேறிய புல் ஆடினாலே கேமரா படம் எடுத்துத் தள்ளும். கார்டு முழுக்க வெற்றுப் படம்தான் மிஞ்சும். லென்ஸுக்கு முன்னால் மறைக்கும் புல்லை மட்டும் அறுத்துவிடுங்கள். அடியோடு செதுக்கினால் மேய்ச்சலே மாறிவிடும். தீனி வைக்கவும் கூடாது. வைத்தால் நீங்கள் பதிவது முயலின் இயல்பான நடமாட்டம் அல்ல.

ரீசார்ஜ் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். எட்டு போட்டாலும் 9.6, சாதா பேட்டரியில் 12. சில மாடல்களில் இதனாலேயே இரவு ஃப்ளாஷ் மங்கும். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். நேரம் வைக்கும்போது ஏ.எம்., பி.எம். மாறினால் நடமாட்ட வரைபடம் முழுவதும் தலைகீழாகும். இட எண், தேதி, நேரம் எழுதிய அட்டையை முதல் படமாக எடுத்து வைத்தால் பிழையைப் பிற்பாடு கண்டுபிடித்துத் திருத்தலாம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "மொத்தம் எத்தனை முயல்?" என்று நிச்சயம் கேட்பார்கள். புலிகளை உடல் வரியை வைத்துத் தனித்தனியே பிரித்தறியலாம், முயலுக்கு அப்படி அடையாளம் இல்லை. படத்தை எண்ணித் தொகை சொல்ல முடியாது. ஒரே இடத்தில் 30 நிமிடத்துக்குள் விழுந்த படங்களை ஒரே பதிவாகக் கொண்டு, 100 கேமரா இரவுக்கு எத்தனை பதிவு என்று கணக்கிடுங்கள். 10 கேமரா 20 இரவு ஓடினால் 200 கேமரா இரவு. 14 பதிவு கிடைத்தால் 100 கேமரா இரவுக்கு 7 பதிவு, அதுவே குறியீடு. ஏதேனும் கேமரா நடுவில் நின்றிருந்தால் அந்த இரவுகளைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும்.