அந்த ஒன்றை என்ன செய்வது, சிஸ்டர்?

ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைக் கருப்பைக்குள் மாற்றிய பதினான்காம் நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவு மதியத்துக்குமேல் ஆய்வகத்திலிருந்து வரும். கர்ப்பத்தைக் காட்டும் எச்சிஜி ஹார்மோனின் அளவு 5-க்குக் கீழே இருந்தால் கரு தங்கவில்லை என்று பொருள். அதைத் தொலைபேசியில் சொல்வது என் வேலை. கருத்தரிப்பு மையத்தில் செவிலியராகச் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை, அழைப்பதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் எனக்குப் பேச்சு எழுவதில்லை.

தொடக்கத்தில் எல்லா அழைப்புகளையும் ஒரே மாதிரிதான் முடிப்பேன். "மனதைத் தளரவிடாதீர்கள் அம்மா, அடுத்த முறை பார்க்கலாம்." ஆறுதல் என்று நம்பித்தான் சொன்னேன். நான்காவது முறையும் கைகூடாத ஒரு பெண், மறுமுனையில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த முறை வேண்டாம் என்று சொன்னால், அப்புறமும் என்னோடு பேசுவீர்களா, சிஸ்டர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தொடங்குகிறவர்களுக்கு எங்களிடம் எல்லாம் இருந்தது. ஒப்புதல் படிவம், நாள் குறித்த தாள், எந்த ஊசியை எத்தனை மணிக்கு எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லித்தர ஆள். நிறுத்துகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அவர்கள் வராமல் போய்விடுவார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களுடைய கோப்பு பின்வரிசை அலமாரிக்குப் போகும். போனவர் எப்படி இருக்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. அது என்னை இன்றும் உறுத்துகிறது.

இந்தச் சிகிச்சையில் "போதும்" என்று சொல்லும் நாள் தானாக வருவதில்லை. மாற்றிப் பார்க்க ஏதாவது ஒன்று எப்போதும் மீதமிருக்கும். மருந்தின் அளவைக் கூட்டலாம், ஊசி முறையை மாற்றலாம், கருவை ஐந்தாம் நாள்வரை வளர்த்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் கருப்பையின் உட்படலத்தை மெல்லிய குழாயால் லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று சொன்னார்கள். நாங்களும் செய்தோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்ட எத்தனையோ பெண்களின் கையை நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 2019-இல் 1,364 பெண்கள் பங்கேற்ற ஆய்வு ஒன்று வெளிவந்தது. கீறியவர்களிலும் கீறாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் ஒரே அளவு, 26.1 சதவீதம். அதைப் படித்த இரவு எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன. தோற்ற பிறகு புதிதாக ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது நம்பிக்கையை நீட்டுகிறது. பலனை நீட்டுவதில்லை என்பது பல சமயங்களில் பின்னால்தான் தெரிகிறது.

அதற்காகச் சீக்கிரமே நிறுத்திவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பிரிட்டனில் 1,56,947 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வந்த ஆய்வின்படி, ஆறு சுற்றுவரை தொடர்ந்தால் மூவரில் ஏறக்குறைய இருவருக்குக் குழந்தை கிடைக்கக்கூடும். இரண்டாவது தோல்வியிலேயே உடைந்துபோகிற முப்பது வயதுப் பெண்ணிடம் இதை நான் கட்டாயம் சொல்வேன். ஆனால், அதே ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு. 42 வயதைத் தாண்டியவர்களுக்குச் சொந்தக் கருமுட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்த வாய்ப்பு நான்கு சதவீதத்துக்கும் குறைவு. வயது ஏற ஏறக் கருமுட்டையின் குரோமோசோம்களில் பிழை கூடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஊசியின் அளவைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறைக் குழு, ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருந்தால் பயனற்ற சிகிச்சை என்றும், ஐந்து சதவீதம்வரை மிக மோசமான வாய்ப்பு என்றும் வகுத்திருக்கிறது. எங்கள் அறையிலோ "நான்கு சதவீதம்" என்று சொன்னால், எதிரே இருப்பவர் காதில் "வாய்ப்பு இருக்கிறது" என்று மட்டுமே விழும். அதனால் நான் சதவீதத்தை விட்டுவிட்டேன். "உங்களைப் போலவே இருபத்தைந்து பேர் இந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால், இருபத்துநான்கு பேரிடம் நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அம்மா." இதைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிப்பதில்லை. சொல்லாமல் விடுவது அதைவிடக் கொடியது என்று தோன்றுகிறது.

எங்கள் நடைக்கூடச் சுவர் முழுவதும் குழந்தைகளின் படங்கள். 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்ததை எங்கள் துறையில் எல்லோரும் அறிவார்கள். அதைச் சாதித்த எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் 1969 முதல் 1978 வரை நடத்திய அந்த முயற்சியில் 282 பெண்கள் பங்கேற்றார்கள் என்பதை நான் வெகு தாமதமாகத்தான் படித்தேன். அந்த ஆண்டுகளின் சிகிச்சையில் குழந்தை பெற்றவர்கள் இரண்டே பேர். மற்ற 280 பேரும் ஏதோ ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களிடம் யார் என்ன சொல்லி அனுப்பினார்கள்? அதன் பிறகு அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் படங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் என் கண்ணில் படுகிறது.

இப்போது முதல் ஊசிக்கு முன்பே, "எத்தனை முறைவரை?" என்று தம்பதியிடம் கேட்கிறேன். எண்ணைக் கோப்பில் பென்சிலால் எழுதுகிறேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம். தொடங்கும்போதே முடிவைப் பேசுவது அபசகுனம்போல் இருக்கிறது என்று ஒரு மருத்துவர் கடிந்துகொண்டார். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் தோற்றுப்போன அன்று யாராலும் நிதானமாக எண்ண முடியாது.

நிறுத்த முடிவு செய்தவரிடம் அந்த நிமிடமே "தத்தெடுக்கலாமே" என்று சொல்லக் கூடாது. இழந்ததற்கு அழுதுகொண்டிருப்பவரிடம் மாற்றுப் பொருளை நீட்டுவது அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தம்பதியை நான் மறக்கவில்லை. ஐந்து முறை கரு மாற்றியாகிவிட்டது. இரண்டு முறை கரு தங்கி, எட்டாவது வாரத்தைத் தாண்டாமல் கலைந்தது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஒரே ஒரு கரு மீதமிருந்தது. அதைத் தொடர்ந்து பாதுகாக்க ஆண்டுதோறும் படிவம் அனுப்புவோம். ஆண்டுதோறும் கையெழுத்தோடு திரும்பி வரும். ஆள் வரவில்லை.

ஒரு நாள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டின் படிவம் மனைவியின் மடியில் நான்காக மடிந்திருந்தது. "நிறுத்திவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் இது இருக்கும்வரை நான் நிறுத்தவில்லை. அந்த ஒன்றை என்ன செய்வது, சிஸ்டர்?"

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கணவரைக் கேட்டேன்.

"இவளுக்கு ஆசை இருக்கிறது, குறுக்கே நிற்கக் கூடாது என்று இருந்தேன்."

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். "உங்களுக்கு ஆசை என்றுதான் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்."

மூன்று வருடக் கையெழுத்துகள். இருவரும் வேறு எதுவும் பேசவில்லை. நானும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன்.

பிறகு வழிகளைச் சொன்னேன். இன்னொரு முறை முயலலாம், தொடர்ந்து வைத்திருக்கலாம், வேறு தம்பதிக்கோ ஆய்வுக்கோ கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம், அப்புறப்படுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை அசைத்து மறுத்தார். "தூக்கிப்போட என்னால் முடியாது. மறுபடி காத்திருக்கவும் முடியாது." இன்னும் ஒன்று உண்டு. கருத்தரிக்க வாய்ப்பில்லாத நாள் பார்த்து, மருந்து ஏதுமின்றிக் கருவை உடலுக்கே திருப்பித் தருவது. 2020-இல் அந்த அமெரிக்க நெறிமுறைக் குழுவே, கேட்பவர்களுக்கு இதைச் செய்துகொடுப்பதில் தவறில்லை என்று எழுதியது. எங்கள் கருவியல் நிபுணர் அதுவரை அப்படிச் செய்ததில்லை. கேட்டதும் கொஞ்சநேரம் யோசித்தார். "என்னிடம் வளர்ந்தது. நானே எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார்.

அன்று எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. நிபுணர் அவர் பெயரைக் கேட்டுச் சரிபார்த்தார். திரையில் அந்தக் கருவைக் காட்டினார். கணவர் தலைமாட்டில் நின்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்து உடை மாற்றிக்கொண்டவர், பழக்கத்தில் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எந்தத் தேதியில் ரத்தம் கொடுக்க வர வேண்டும், சிஸ்டர்?"

"தேதி இல்லை, அம்மா."

அவர் பேனாவைப் பார்த்தார். மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தார். என் தோளில் சாய்ந்து அழுதார், பிறகு வெகுநேரம் அப்படியே நின்றார்.

அதற்குப் பதினான்காம் நாள், அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் மதியம் என் மேசைக்கு வந்தது. ஆறு பெயர்கள். அதில் அவருடைய பெயர் இல்லை. ஆறு பேரையும் அழைத்து முடித்த பிறகு அவரையும் அழைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.