லேசர் அறையில் ஆடி மாதம்

ஜூலை 28, 2025, திங்கள்

ஆடி பிறந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தவர்களெல்லாம் இந்த மாதத்தில்தான் முகத்தைச் சரிசெய்துகொள்ள வருகிறார்கள். மதுரை அண்ணா நகரில் நான் வேலை பார்க்கும் தோல் மருத்துவமனையில் காலை பத்து மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிடுகின்றன. பருத் தழும்பு, மங்கு, வேண்டாத முடி, பழைய பச்சை. லேசர் அறைச் செவிலியர் என்ற முறையில் நான் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் இருக்கின்றன. சர்க்கரை உண்டா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டதுண்டா, வாயோரம் அக்கி வந்ததுண்டா. அந்த வரிசையில் ஒன்று: மது அருந்துவீர்களா?

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சம்பந்தப்பட்டவர் வாயிலிருந்து பதில் வருவதில்லை. பக்கத்தில் அம்மா இருப்பார், இல்லையென்றால் அக்கா. "அந்தப் பழக்கமெல்லாம் எங்கள் பிள்ளைக்குக் கிடையாது" என்று அவர்களே முந்திக்கொள்வார்கள். பிள்ளை தரையைப் பார்ப்பான். நான் 'இல்லை' என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளை நம்பித்தான் டாக்டர் அம்மா லேசரைக் கையில் எடுக்கிறார். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 30, புதன்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன். இரண்டு கன்னங்களிலும் குழிகுழியாகப் பருத் தழும்பு. ஆவணிக் கடைசியில் கல்யாணம். "டீ கூடக் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டான்" என்றார் அம்மா.

மரத்துப்போகும் கிரீம் பூச அவனை மட்டும் உள்ளே அழைத்துப் போனேன். வெள்ளைக் களிம்பைத் தடிமனாக அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முக்கால் மணி நேரம் படுக்கவைப்போம். அந்த நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். "தம்பி, கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்று கேட்டேன். தாள் ஒட்டிய உதட்டை மெதுவாக அசைத்து, "நேற்று ராத்திரி, சிஸ்டர். சித்தப்பா மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான்" என்றான். எவ்வளவு என்பதையும் மறைக்கவில்லை. குறைவில்லை.

டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். களிம்பைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

மது ரத்த நாளங்களை விரித்துவிடும். குடித்தவரின் முகம் சிவந்து சூடேறுவது அதனால்தான். அவனுக்குச் செய்ய இருந்த ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர், தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை வரிசையாகப் போடுகிற சிகிச்சை. நாளங்கள் விரிந்திருக்கும் தோலில் வீக்கமும் ரத்தம் பொடிப்பதும் கூடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையையும் மது மந்தமாக்குகிறது. வெள்ளைக்காரத் தோலென்றால் சிவப்பு சில நாள் அதிகம் இருந்துவிட்டுப் போய்விடும். நம் தோலில் அழற்சி கூடினால், பின்னால் அது கருமையாகப் படிந்து மாதக் கணக்கில் நிற்கும். தழும்பைப் போக்க வந்தவன் திட்டுத்திட்டான கருமையோடு மணமேடை ஏற வேண்டியிருக்கும்.

அவன் அம்மாவுக்குக் கோபம். விடிய எழுந்து, ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வந்தவர், கோபம் நியாயம்தான். "தோல் இன்றைக்குத் தயாராக இல்லையம்மா, சூடாக இருக்கிறது" என்று மட்டும் டாக்டர் அம்மா சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. மகன் என்னிடம் சொன்னது என்னோடும் டாக்டரோடும் நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவன் வாயைத் திறக்க மாட்டான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பெங்களூரில் வேலை பார்க்கும் பெண், விடுமுறையில் வந்திருந்தவர், தாடையில் முடி நீக்க வந்தார். "சனிக்கிழமை தோழிகளோடு வெளியே போகிறேன், ஒயின் குடிக்கலாமா?" என்று அவரே கேட்டார். முடிக்கான லேசரில் புண் கிடையாது. முடிக்கால்களைச் சுற்றிச் சற்றுத் தடிப்பு எழுந்து ஒரு நாளில் அடங்கிவிடும். முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் தவிர்த்தால் போதும், இரண்டு நாளென்றால் இன்னும் நல்லது என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேச்சு அவ்வளவுதான். எல்லோரும் இப்படிக் கேட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் என்று சமையல் முடிந்து மத்தியானம்தான் உட்கார்ந்தேன்.

நான் தினமும் பக்கத்தில் நிற்கும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்த ஒளியைத் தண்ணீர் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தோலின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஒளி பட்ட இடம் நொடிக்குள் ஆவியாகிவிடுகிறது. முன்பெல்லாம் முகத்தின் மேல்தோலை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். துளித்துளியாகப் பிரித்து அடித்து, நடுவில் நல்ல தோலை விட்டுவைக்கும் யோசனை 2004-இல் வந்தது. அந்த நல்ல தோல்தான் துளைகளை மூடுகிறது.

துளை மூடும்வரை தோலுக்குக் காவல் இல்லை. ஈரம் வழக்கத்தைவிட வேகமாக வெளியேறும். உடலில் நீரைத் தக்கவைக்க மூளையடியிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது, வாசோப்ரெசின் என்று பெயர். மது அதன் சுரப்பைத் தடுக்கிறது. குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும், மறுநாள் நாக்கு வறள்வதும் அதனால்தான். முகத்தில் புண்ணை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் நீரையும் இழக்கலாமா? பீரில் தண்ணீர்தானே அதிகம் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. பீரிலும் மது இருக்கிறது என்பதோடு அந்த வாதம் முடிந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

உசிலம்பட்டித் தம்பி வந்தான். அன்றைக்குப் பிறகு தொடவில்லை என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னான். கண்ணுக்கு உலோக மூடி போட்டு, டாக்டர் அம்மா கன்னத்தில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வர, புகையை உறிஞ்சும் குழாயை நான் கூடவே நகர்த்தினேன். முடி பொசுங்கும் வாடை. முடிந்தபோது கன்னம் முழுவதும் கோலப்புள்ளி வைத்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பொடித்திருந்தது. குளிர்ந்த துணியால் ஒற்றி வாசலின் பூசினேன்.

பின்பற்ற வேண்டியவற்றைச் சொன்னேன். வெயில் ஆகாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால். குடித்துவிட்டு அதைச் சாப்பிட்டால் ஈரலுக்குக் கேடு. அதற்குப் பதில் ஐபுப்ரோஃபென் போடலாமென்றால், மதுவோடு சேர்ந்து அது இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும். தூக்க மாத்திரையோ மயக்கம் தரும் மருந்தோ கொடுத்திருந்தால் மதுவோடு மூச்சையே அடக்கிவிடும். பொருக்கு முழுக்க உதிரும்வரை, குறைந்தது ஒரு வாரம், ஒரு சொட்டும் கூடாது என்பது டாக்டர் அம்மாவின் கணக்கு.

"ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் காதணி விழா, சிஸ்டர். கிடா வெட்டு. நான் வேண்டாமென்றால் விட மாட்டார்கள்" என்றான்.

இதுதான் விஷயம். இரண்டு நாள், ஒரு வாரம் என்ற கணக்கு யாருக்கும் புரியாமல் இல்லை. நம் பக்கத்து விசேஷ வீட்டில் மச்சான் ஊற்றிக் கொடுப்பதை மறுத்தால், மச்சானையே மறுத்ததாக ஆகிவிடுகிறது. லேசர் என்று சொன்னால் "ஆம்பளைக்கு எதற்கு அது?" என்று கேலி வேறு. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். அக்கி கிளம்பாமலிருக்க அசைக்ளோவிர் கொடுத்திருக்கிறோம், வலி மாத்திரை இருக்கிறது, சொல்வது உண்மைதான். மாத்திரைக்கு நம் ஊர் கட்டுப்படும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேலூர்ப் பையன், முன்கையின் வெளிப்பக்கம் பச்சை. ராணுவத்தில் சேர வேண்டும். அங்கே உடம்பில் எங்கே பச்சை இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதால் அழிக்க வந்திருக்கிறான். ஒரே தடவையில் போகாது, ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஆறு வாரமாவது வேண்டும் என்றதும், "கார்த்திகையில் மாலை போடுவேன். அப்போது ஒரு தடவை வைத்துக்கொள்ளலாமா? யாரும் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள்" என்றான். நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவனே யோசித்து வைத்திருக்கிறான். தாராளமாக வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் உசிலம்பட்டியிலிருந்து போன். மாமா இரண்டு தடவை கூப்பிட்டாராம். மாத்திரை என்று சொல்லியும் "ஒரு மடக்கில் என்ன ஆகிவிடும்?" என்றாராம். தம்பி பந்தியில் பரிமாற இறங்கிவிட்டான். இலை போட்டு, தண்ணீர் வைத்து, குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள்ளேயே சுற்றியிருக்கிறான். வேலை செய்கிறவனை யார் இழுத்துப்போய் உட்காரவைப்பார்கள்? அடுப்பருகில் போனாயா, வெயிலில் நின்றாயா என்று கேட்டேன். இல்லையாம். அனுப்பிய படத்தில் பொருக்கு பாதி உதிர்ந்திருக்கிறது. அடியில் இளஞ்சிவப்பு, கருமை எங்கும் இல்லை.

போன ஆண்டு ஒருவர், சிகிச்சை செய்த அன்றே குடித்துவிட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்து, தூக்கத்தில் பொருக்கை எல்லாம் சொறிந்துவிட்டார். அந்தக் கருமையைக் குறைக்கப் பல மாதங்கள் பிடித்தன. மது செய்கிற கெடுதலில் இதுவும் சேரும்: தன் முகத்தைக் காக்கும் நினைப்பையே எடுத்துவிடுகிறது.

கேள்வித்தாளை மாற்ற டாக்டர் அம்மா சம்மதித்துவிட்டார். 'மது அருந்துவீர்களா?' எடுக்கப்பட்டது. 'கடைசியாக எப்போது, எவ்வளவு?' என்று வரும். கேட்பது கிரீம் பூசும் அறையில், தனியாக. பெண்களிடமும் அப்படியே.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளைக்குச் சுதந்திர தினம், டாஸ்மாக் கிடையாது. நான் வரும் வழியிலுள்ள கடையில் இன்றைக்கே கூட்டம்.

முடி நீக்க வந்தவர் பளிச்சென்று சவரம் செய்து, ஆஃப்டர் ஷேவ் போட்டு மணக்க மணக்க வந்தார். உடனே முகம் கழுவவைத்து, துடைத்து, நன்றாக உலரும்வரை காத்திருந்தேன். அதில் இருப்பதும் ஆல்கஹால்தான். அதன் ஆவியில் லேசர் பட்டால் தீப்பிடிக்கலாம். இதனாலேயே எங்கள் அறைக்குள் ஸ்பிரிட் பஞ்சுக்கு இடமில்லை. சானிடைசர் போட்ட கை, வாசனைத் திரவியம் அடித்த கழுத்து, எல்லாவற்றுக்கும் இதே விதி. சிகிச்சை முடிந்த தோலில் இவை எரிச்சலைக் கிளப்பும் என்பதால் ஆறும்வரை தொடக் கூடாது. குடிப்பதைப் பற்றிச் சொல்கிறவர்கள் பூசுவதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

திருமங்கலத்திலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கழுத்தில் மரு நீக்க. மனைவி வெளியே உட்கார்ந்திருந்தார். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடப் பேனாவைக் கொடுத்தேன். பேனா முனை தாளைத் தொடுவதற்குள் நாலைந்து தடவை ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

"ஐயா, கடைசியாக எப்போது?"

"காலையில், அம்மா. ஆறு மணிக்கு. இல்லையென்றால் கை நிற்காது."

இவரிடம் 'இரண்டு நாள் குடிக்காமல் வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியிருந்தால்? வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றவருக்கு நல்லது செய்கிற அதே அறிவுரை இவரைக் கொன்றுவிடக்கூடும். டாக்டர் அம்மா லேசர் பேச்சையே எடுக்கவில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அங்கே மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வழி செய்வார்கள் என்று விளக்கினார். "அப்போ மரு?" என்று கேட்டார். "மரு எங்கேயும் ஓடிவிடாது, ஐயா. முதலில் இது."

மனைவியை உள்ளே கூப்பிடலாமா என்று கேட்டேன். சற்று யோசித்து, அவரே கதவைத் திறந்து கூப்பிட்டார். நாளைக் காலையில் புறநோயாளிப் பிரிவுக்குப் போவதாகப் பேச்சு. "இன்றைக்குச் சாயங்காலம் என்ன செய்யட்டும்?" என்றார். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அளவைக் கூட்டவும் வேண்டாம்; நடுக்கம் அதிகமானாலோ, பேச்சு முன்னுக்குப்பின் முரணானாலோ, ராத்திரி எந்நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. அதையே மனைவியிடமும் இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கடிதத்தின் பின்புறத்தில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை நான் எழுதிக் கொடுத்தேன்.