பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹால், 1:200: குவிமாடம் ஏறிவிட்டது

அட்டையில் செய்துவரும் பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹாலின் (வட அயர்லாந்துத் தலைநகரின் மாநகராட்சிக் கட்டடம்) நடுக் குவிமாடம் நேற்று ராத்திரி கோணல் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. நிஜத்தில் தரையிலிருந்து உச்சிவரை 53 மீட்டர். என் மேஜையில் 26.5 செ.மீ. சுவர், ஜன்னல் வேலையை எழுதப் போவதில்லை. கட்டரும் பொறுமையும் இருந்தால் அது தானாக முடியும். இந்தக் கட்டடத்துக்கு உயிரே குவிமாடம்தான்.

1898-ல் தொடங்கி 1906-ல் முடித்த கட்டடம். ஆல்ஃபிரட் பிரம்வெல் தாமஸ் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார் என்பது பார்த்தாலே தெரியும். குவிமாடம் அரைக்கோளமாக இல்லாமல், நிமிர்ந்து எழும்பி, தோளில் வளைந்து, உச்சியில் நிற்கும் சிறு கூண்டு மாடத்துக்கடியில் ஒடுங்கும். குவிமாடத்தை இதழ் இதழாக, அதாவது ஆரஞ்சுத் தோல் கீற்றுகள் மாதிரி நீளத் துண்டுகளாக வெட்டித்தான் ஒட்ட வேண்டும். கிடைக்கிற இதழ் வார்ப்புருக்கள் எல்லாம் அரைக்கோளத்துக்கானவை. அவற்றை நம்பினால் அந்த நிமிர்வு போய்விடும்.

அதனால் தொலைவிலிருந்து நேரெதிரே எடுத்த போட்டோவில் பக்கவாட்டு வளைவைப் பிரதி எடுத்து, 5 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்தேன். செங்குத்தாக அளக்கக் கூடாது, வளைவின் மேலேயே அளக்க வேண்டும். இதழின் நீளம் அதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவைக் கணக்கிட்டு, இதழ்களின் எண்ணிக்கையான 16-ஆல் வகுத்தால் அகலம். அதிலும் 0.2 மி.மீ. கழிக்க வேண்டும், மேலே ஒட்டும் செப்பு நாடா ஓரத்தில் உள்ளே மடங்குவதால். 0.2 தானே என்று விட்டால் 16 இதழில் 3.2 மி.மீ. சேர்ந்துவிடும், கடைசி இதழுக்கு இடமே இருக்காது. வளைக்க, மவுஸ் பேடில் வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தேன். வெள்ளைப் பசை பக்கமே போகாதீர்கள், ஈரம் பட்டால் அட்டை அலையடிக்கும்.

பச்சை நிறத்துக்குப் பெயின்ட் தொடவில்லை. நாடாவைப் பொடி எமரித் தாளால் தேய்த்து, வினிகரும் உப்பும் தடவி, மூடிய டப்பாவில் வைத்தால் செம்பு தானாகப் பச்சை பூக்கும். நகரக் காற்று பல பத்தாண்டுகளில் செய்வது வேறு உப்பு, ஆனால் கண்ணுக்கு அருமையாக ஒத்துப்போகிறது. கையால் தொட்டால் உதிரும். மேட் வார்னிஷ் மிக மெல்லிசாக அடியுங்கள், கனத்தால் பச்சை கறுத்துவிடும். நாடாவுக்கு மின்சாமான் கடைக்கு அலையாமல் தோட்டச் சாமான் விற்பவர்களிடம் கேளுங்கள். நத்தை ஏறாமல் தொட்டியைச் சுற்றி ஒட்டுகிற நாடா இதற்குக் கச்சிதம், அகலமாகவும் கிடைக்கும்.

நான்கு மூலைக் கோபுரங்கள் இன்னும் பாக்கி. சுவரெல்லாம் போர்ட்லேண்ட் சுண்ணாம்புக்கல். மழை அடிக்கும் இடம் வெளுக்கும், கார்னிஸ் (சுவர் உச்சியில் வெளியே நீட்டும் விளிம்பு) அடியில் கரி தங்கும். அந்த ஷேடிங்கும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் மனசு இப்போதே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்விட்டது. 1910-ல் திறந்த டர்பன் சிட்டி ஹால் ஏறக்குறைய இதன் அச்சு. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் கரையிறங்கிய ஊர் அது. அந்த ஊர்த் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், டர்பன் குவிமாடத்தை எதிர்த்தெருவிலிருந்து நேராக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஜூம் போட்டு, தூரத்திலிருந்து.