டம்மி ஊசி போட்டவர்களுக்கும் குணம் தெரிவது ஏன்?

லூபஸுக்கான (நம் எதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்கும் நோய்) புது மருந்து ட்ரையலில், அதாவது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், சேரலாமா என்று யோசிக்கும்போது முதலில் வருகிற பயம், மருந்தே இல்லாத டம்மி ஊசி நம் பக்கம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். எனக்கும் லூபஸ் இருக்கிறது, எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஆனால் இந்த ட்ரையல்களில் பெரும்பாலும் புது மருந்தைப் பழையதோடு கூடுதலாகத்தான் கொடுக்கிறார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஸ்டீராய்டு, மைக்கோஃபீனோலேட் என்று ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பது இரண்டு தரப்புக்கும் ஓடும்.

அதனால்தான் டம்மி தரப்பிலும் நிறைய பேருக்குக் குணம் தெரிகிறது. பெலிமுமாப் என்ற லூபஸ் மருந்தின் பிளிஸ்-52 ட்ரையலில் முழு டோஸ் போட்டவர்களில் 58 சதவீதம் பேர் தேறினார்கள், டம்மி போட்டவர்களிலோ 44 சதவீதம்! இதையும் பிளிஸ்-76 என்ற இன்னொரு ட்ரையலையும் வைத்துத்தான் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் லூபஸுக்கென்று அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த முதல் புது மருந்து.

சரி, "தேறினார்கள்" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. லூபஸ் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அளக்க ஸ்லீடாய் என்று ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. அதில் இரண்டு மூட்டோ அதற்கு மேலோ வீங்கி வலித்தால் 4 புள்ளி. ஆறு மூட்டு வீங்கியிருந்து மருந்தால் மூன்றாகக் குறைந்தாலும், காலையில் சட்டை பட்டனை நாமே போட முடிந்தாலும், அதே 4 புள்ளிதான். சோர்வுக்கோ (நம்மைப் படுக்கையில் தள்ளுவதே அதுதான்!) புள்ளியே கிடையாது.

அனிஃப்ரோலுமாப் என்ற இன்னொரு லூபஸ் மருந்தின் கதை இன்னும் விசித்திரம். ஸ்லீடாயை அடிப்படையாகக் கொண்ட அளவுகோலில் அதன் துலிப்-1 ட்ரையல் தோற்றது, தேறியவர்கள் மருந்து தரப்பில் 36 சதவீதம், டம்மி தரப்பில் 40. அடுத்த ட்ரையலான துலிப்-2-ல் பாதி குணத்தையும் கணக்கில் எடுக்கும் பிக்லா என்ற வேறு அளவுகோலை முதன்மையாக வைத்தார்கள், 47.8-க்கு 31.5 என்று ஜெயித்தது. 2021-ல் அனுமதியும் வந்துவிட்டது. அளவுகோலை மாற்றியது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

என்னைக் கேட்டால் அதைவிட முக்கியம் ஸ்டீராய்டு. அந்த இரண்டு ட்ரையலிலும் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அதை 7.5-க்கோ அதற்குக் கீழேயோ இறக்கப் பார்த்தார்கள். குறைக்கும்போது நோய் கிளம்பி, அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து தேவைப்பட்டால், தேறாதவர் கணக்கில் போய்விடுவோம். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள்: ஸ்டீராய்டை எப்போது, எவ்வளவு குறைப்பீர்கள், நடுவில் நோய் கிளம்பினால் என்ன கொடுப்பீர்கள், ட்ரையல் முடிந்த பிறகு அந்த மருந்து எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா?