'அழைப்பிதழ்' என்ற ஒரு சொல்லோடு மூன்று வாரம்

தூரிகையால் நானே எழுதி ஒரு தமிழ் ஃபான்ட் (கணினி எழுத்துரு) செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அதில் 'அழைப்பிதழ்' என்று தட்டினேன். யாரோ உட்கார்ந்து தூரிகையால் எழுதினது மாதிரியே வந்தது. முதல் தடவை!

எழுதினதை ஸ்கேன் செய்வது, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் டிரேஸ் எடுப்பது, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் செய்யும் மென்பொருளில் ஏற்றுவது எல்லாம் வழக்கமான வேலைதான். என்னைப் படுத்தினது வேறு. அத்தை மகள் கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்கு அடித்துப் பார்த்தேன். 'ப்', 'பி' இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். மை காய்ந்த தூரிகை விட்டுப்போகும் வெள்ளைக் கீறல் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில். அச்சு அசல் ரப்பர் ஸ்டாம்ப். 'ழை'யும் 'ழ்'உம் அதே லட்சணம். அப்பா, அம்மா, பட்டு, முத்து என்று எதைத் தொட்டாலும் நம் மொழியில் எழுத்து இரட்டிக்கிறது.

ஆங்கிலத் தூரிகை ஃபான்ட்டுகளில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று உருவம் வரைந்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றிவிடுவார்கள். அதையே செய்யப்போய் இரண்டு வாரம் வீண். எந்த இடத்தில் எந்த உருவம் வரணும் என்று ஃபான்ட்டுக்குள் விதிகள் எழுதணும்; கொம்பும் காலும் குறுக்கே வந்து அவை சிக்கிக்கொண்டன. அப்புறம்தான் உறைத்தது: ஒரே மெய் இரட்டித்தால் முதலில் நிற்பது புள்ளி வைத்த எழுத்துதானே! 'ப'வின் தலையில் புள்ளியை ஒட்டாமல், 'ப்'பைத் தனியாக எழுதி ஸ்கேன் செய்தால் கதை முடிந்தது. மொத்தம் 18 உருவம். ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஆசை விடவில்லை, கிரந்தத்துக்கும் அதையே போட்டேன். 'ஸ்ரீ' உடைந்து 'ஸ்', 'ரீ' என்று தனித்தனியாக நின்றது. 'லக்ஷ்மி'யில் 'க்ஷ' பிரிந்துபோனது. பத்திரிகையின் உச்சியில் வரும் சொற்களே இவைதான்! ஸ்ரீ, க்ஷ விதிகள் முதலில் வேலை செய்யும்படி அவற்றைப் புள்ளி விதிகளுக்கு மேலே ஏற்றி வைத்ததும் சரியானது. 'கலகல' என்று அடித்தால் மட்டும் இன்னும் குட்டு வெளிப்படும். பத்திரிகையில் யார் கலகல போடுகிறார்கள்?

தலைப்புக்கு மட்டும்தான் இது. 12 பாயின்ட்டில் 'ண'வின் சுழிகள் அடைத்துக் கறுப்புப் புழுவாகிவிடும்.

காகிதம் பற்றி ஒரு புலம்பல். வழவழ ஆர்ட் பேப்பரில் கீறல் விழாது, கொஞ்சம் சொரசொரப்பான, தடித்த கேட்ரிட்ஜ் தாள்தான் வேண்டும். கடைக்காரர் கேட்ரிட்ஜ் என்று கொடுத்த கட்டில் பாதி மெலிசு, மை மறுபக்கம் வரை ஊறிவிட்டது. போஸ்டர் கலரில் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள், இந்தியன் இங்க்கைவிடக் கீறல் அழகாக விழுகிறது.

அடுத்து தட்டைத் தூரிகையில் கடைப் பலகை பாணியில் ஒன்று செய்யணும், தூரிகைகூட வாங்கியாச்சு. ஆனால் இதிலேயே உகர, ஊகார வரிசையின் 36 உருவத்தில் 22தான் முடிந்திருக்கிறது. மிச்சத்தில் 'ஙு', 'ஙூ' வேறு இருக்கின்றன. அவற்றை யார் அடிக்கப்போகிறார்களோ, வரைந்துதான் தொலைக்கணும்.